நீர்மட்டக் குறைவு: இல்லை

தண்ணீர் ஏறியிருந்தது.

கசிந்தால் குறையும், கசியாவிட்டால் நிற்கும். மூடி வைத்த தொட்டியில் தண்ணீருக்கு இந்த இரண்டைத் தவிர வேறு வேலை கிடையாது. ஆனால் நேற்றுப் பகல் பதினொரு மணிக்கு அவள் தன் கையால் சிவப்பு மார்க்கரில் இழுத்த கோடு இப்போது தண்ணீருக்கு அடியில் கிடந்தது. தொட்டியின் வாயோரம் குப்புறப் படுத்து, தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி, ஸ்டீல் ஸ்கேலைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். ஒன்பது மில்லிமீட்டர். புதுப் பூச்சின் ரப்பர் நாற்றமும், அடைபட்ட தண்ணீருக்கே உரிய இரும்பு வாடையும் மூக்கில் ஏறின. எச்சில் டார்ச்சின் பிடியில் வழிந்தது. மறுபடி பார்த்தாள். ஒன்பதேதான்.

"என்ன மேடம், எறங்கிருச்சா?" பின்னாலிருந்து மேஸ்திரி கேட்டார்.

"ஏறியிருக்குண்ணே."

"ஏறியிருக்கா?" மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப தண்ணி குட்டி போட்டிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து, முழங்கையில் ஒட்டிய சிமென்ட் தூளைத் தட்டினாள்.

அது பாதி முடிந்த ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் இரண்டாம் நிலத்தடித் தளம். மேலே பன்னிரண்டு மாடியும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, இங்கே எந்நேரமும் ஒரே இருட்டு. ஒயரில் தொங்கும் ஒற்றை மஞ்சள் பல்பு, நாளைக்கு வண்டிகள் நிற்கப் போகும் இடத்தில் தூண்களின் நீண்ட நிழல், எங்கோ ஒரு காற்றாடியின் ஓயாத உறுமல். மூலையில், தரைக்கு அடியில், தொட்டி. ஒரே பெட்டிதான், நடுவில் ஒரு சுவர், அதனால் இரண்டு அறை. ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஆள் உயரத்தைத் தாண்டிய ஆழம். ஒவ்வொன்றுக்கும் தரையில் ஓர் இரும்பு மூடி. சோதனைக்கு ஒரு முறை உண்டு. ஓர் அறையை நிரப்பு, மற்றதைக் காலியாக வை, மூன்று நாள் காத்திரு. நிரம்பிய அறையில் மட்டம் குறையக் கூடாது. காலி அறைக்குள் நின்று பார்த்தால் நடுச்சுவரில் ஈரம் தெரியக் கூடாது.

தண்ணீர் கசியாமல் தடுக்கும் பூச்சு அவள் வேலை. "தண்ணி எந்தப் பக்கமிருந்து தள்ளுதோ அந்தப் பக்கந்தான் பூசணும்ணே" என்று முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லியிருந்தாள். "உள்ளேயிருந்து தள்ளத் தள்ள அது சுவரோட இன்னும் இறுகும். மாத்திப் பூசினா தள்ளுற தள்ளுல உரிஞ்சு வந்துரும்." முதல் கைப் பூச்சு மேலிருந்து கீழே, இரண்டாம் கை இடமிருந்து வலம், மூலைகளில் வலைத்துணி. தரையில் பூச்சு காய்ந்த பிறகு செருப்போடு ஒருவர் உள்ளே இறங்கக் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் மொத்தமும் வீண். செருப்பை மூடிக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அவள் போட்ட சட்டம் அது. "மாமியார் வீட்டுல கூட இவ்வளவு பயந்து நடந்ததில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆட்கள் கழற்றினார்கள்.

தண்ணீர் வரக்கூடிய வழிகளை இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிரப்பிய குழாயின் வாயில் தகடு வைத்து முறுக்கிய போல்ட்டுகள் அசையவில்லை. மூடியின் சாவி அவளிடமும் மேஸ்திரியிடமும்தான். வெளியே நிலத்தடி நீர் தள்ளுகிறதா என்று பார்க்கத் தோண்டிய குழி புழுதி பறக்கக் காய்ந்து கிடந்தது. ஆவியாவது எவ்வளவு என்று அறியத் தொட்டியோரம் வைத்த வாளியில் தண்ணீர், ஒழுங்காக, அரை மில்லி குறைந்திருந்தது.

வாளி ஒழுங்காக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சோதனைப் படிவத்தை எடுத்தாள். தேதி, நேரம், தொட்டி எண். அடுத்த கட்டம்: நீர்மட்டக் குறைவு, மில்லிமீட்டரில். அதற்கடுத்து கையெழுத்து. பேனா நின்றது.

"ஏறினதுக்குக் கட்டமே இல்லையேண்ணே."

"இருக்காது மேடம். ஏறும்னு எவன் நெனைச்சான்?" மேஸ்திரி பீடியைக் காதிலிருந்து எடுத்து, அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி காதிலேயே சொருகினார். "குறைஞ்சிருக்கா? இல்லைல்ல? இல்லைன்னு எழுதுங்க. அதுல பொய் எங்க இருக்கு?"

பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த வசதி. ஓர் ஆண் இன்ஜினியர் "எனக்குப் புரியலை" என்று சொன்னால் அது யோசனை. அவள் சொன்னால் படிப்பு போதவில்லை. போன மாதம் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டாள் என்பதற்காக, சைட்டுக்கே பொறுப்பான பெரிய சார் எல்லோர் முன்னாலும், "ஏம்மா, உங்க வீட்டுல நீதான் முதல்ல காலேஜ் போனவளோ?" என்று கேட்டு அறையையே சிரிக்க வைத்தார். ஆமாம், அவள்தான். அம்மா இருபத்திரண்டு வருஷம் இதே மாதிரிக் கட்டடங்களில் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தவள். இந்த வாரம் வேலை உறுதிக் கடிதம் வர வேண்டும். வந்தால் அம்மாவின் தலையிலிருந்து சட்டி இறங்கும்.

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது காலி அறையின் மூடிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்ததைப் பார்த்தாள். குதிகால் தேய்ந்தது, நீல வார்.

"யாரோடது?"

"தொட்டிக்குத் தண்ணி நிரப்பின பம்ப்காரரோடது மாதிரி இருக்கு. நேத்து சாயங்காலம் கயிறை உள்ள விட்டுட்டேன்னு இறங்கினாரு. ஏறிப் போயிருப்பாரு. மூடி தொறந்து கெடந்துச்சு, எவனாவது விழுந்து வைப்பான்னு நான்தான் மூடினேன்."

"இன்னைக்கு வந்தாரா?"

"வரலை. சைட்டுல ஆள் வர்றதும் போறதும் அவங்க இஷ்டம் மேடம். வந்தவன் பேரைத்தான் கேட்டுல நோட்டுல எழுதுவாங்க. வராதவனுக்கு ஏது நோட்டு?"

"செருப்பில்லாமலா போனாரு?"

மேஸ்திரி அந்த மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார்; யாரும் இல்லை.

அன்று அவள் அங்கேயே உட்கார்ந்தாள். கவிழ்த்த பெயின்ட் டப்பா ஒன்றின் மேல், மடியில் ஸ்கேலோடு, மணிக்கு ஒரு முறை மூடியைத் தூக்கிப் பார்த்தபடி. பன்னிரண்டுக்கு அசையவில்லை. இரண்டுக்கு அசையவில்லை. நாலு மணிக்குப் பிளம்பர் வந்தார். உடம்பும் குரலும் பெரிதான மனிதர். எல்லோரும் குண்டண்ணன் என்றே கூப்பிடுவார்கள். காலி அறையில் அடிக்குழாயின் அளவு எடுக்க வேண்டும் என்றார்.

"பொட்டப்புள்ள தண்ணிக்குக் காவல் இருக்கியே, அது எந்திரிச்சா ஓடப் போகுது?" என்று சிரித்துக்கொண்டே தோல் செருப்பைக் கழற்றினார். ஏணி முனகியது. அவர் உள்ளே பாட்டு ஒன்றை முணுமுணுத்தது கேட்டது. கான்கிரீட் அதை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பித் தந்தது. அதே நேரம் மேலிருந்து யாரோ அவளைக் கூப்பிட, சரிவுப் பாதையில் ஏறிப் போய், வந்த மணல் லாரிக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்துத் திரும்பினாள். ஐந்து மணி.

பாட்டு இல்லை. காலி அறையின் மூடி திறந்திருந்தது. உள்ளே டார்ச் அடித்தாள். தரையும் சுவரும். ஆள் இல்லை. தோல் செருப்பு இருந்தது.

நிரம்பிய அறையின் மூடியைத் தூக்கி, படுத்து, ஸ்கேலை வைத்தாள்.

காலையில் இருந்ததற்கு மேல் பன்னிரண்டு மில்லி.

ஊறி வரும் தண்ணீர் இப்படி ஏறாது. அது சொட்டுச் சொட்டாக, நம்மை ஏமாற்றிக்கொண்டு ஏறும். இது ஒரே தூக்கு. குளிக்கிற தொட்டிக்குள் ஆள் இறங்கினால் ஏறுமே, அப்படி.

அந்த நினைப்பு வந்த பிறகுதான் கணக்குப் போட்டாள். போடாமலே இருந்திருக்கலாம். மூன்றுக்கு இரண்டு, ஆறு சதுர மீட்டர். ஒரு மில்லி ஏறினால் ஆறு லிட்டர். ஒன்பது மில்லி, ஐம்பத்து நாலு. பன்னிரண்டு மில்லி, எழுபத்திரண்டு.

இந்த எண்களை அவள் எங்கோ கேட்டிருந்தாள். போன வாரம், பூச்சுப் பொடியை நிறுக்கிற மேடைத் தராசில், சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராக ஏறி நின்று விளையாடினார்கள். பம்ப்காரர் ஏறினார், ஐம்பத்து நாலு. "சிமென்ட் மூட்டையை விட நாலு கிலோதான் கூட!" என்று சிரித்தார்கள். குண்டண்ணன் ஏறினார், தராசு முள் ஓடியது, எழுபத்திரண்டு. "ஒன்றரை மூட்டை, கொஞ்சம் ஒழுகினது!" கடைசியில் அவளையும் விடவில்லை. நாற்பத்தெட்டு. "மேடம் மூட்டைக்கே ரெண்டு கிலோ கம்மி, இதையெல்லாம் லாரியில ஏத்த மாட்டாங்க."

மனித உடம்பும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே எடை. ஒரு கிலோ, ஒரு லிட்டர்.

டார்ச்சைத் தண்ணீருக்குள் அடித்தாள். கண்ணாடி போல் இருந்தது. அடி வரை தெரிந்தது. அவள் பூசிய சாம்பல் நிறம், மூலையில் வலைத்துணியின் தடம் கூட. ஒன்றும் இல்லை. யாரும் இல்லை. உட்கார்ந்து மூச்சை விட்டாள். பிறகு, ஏன் என்று தெரியாமல், ஸ்கேலின் நுனியால் நீர்ப்பரப்பை ஒரு தட்டுத் தட்டினாள்.

அலை வட்டமாகப் பரவியது. அறையின் நடுவுக்குப் போனதும் வட்டம் கலைந்தது. தூணைச் சுற்றிப் போகிற தண்ணீர் போல, வெற்றிடம் ஒன்றைச் சுற்றி வளைந்து போனது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்திலும், இன்னும் அகலமாக, வளைந்தது.

அவள் மூடியைப் போட்டாள். கை விரல் நசுங்கியது கூட வீட்டுக்குப் போன பிறகுதான் வலித்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெரிய சாரின் அறையில் நின்றாள். குளிரூட்டி இரைந்தது. மேஜையில் கட்டடத்தின் வரைபடம், அதன்மேல் அவருடைய டீ.

"சார், தொட்டியை வடிக்கணும்."

"எதுக்கு?"

"மட்டம் ஏறுது சார். ரெண்டு பேரைக் காணோம். பம்ப்காரர், பிளம்பர். ரெண்டு பேர் செருப்பும் அங்கதான் கெடக்கு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சைட்ல ஆள் காணாம போறது புதுசா? நாலு நாள்ல வேற சைட்ல நிப்பான். செருப்பு கெடந்தா, புதுச் செருப்பு வாங்கியிருப்பான்." டீயை உறிஞ்சினார். "நீயே நேத்து இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க. இன்னைக்கு வந்து வடிக்கணுங்கற. எது உண்மை?"

"ரெண்டும் சார். குறையலை. ஏறியிருக்கு."

"தண்ணிக்குள்ள பார்த்தியா?"

"பார்த்தேன்."

"யாராச்சும் இருந்தாங்களா?"

அலை வளைந்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

"இந்தா பாரும்மா. நாளைக்கு வெளியாள் வந்து தொட்டியைப் பார்க்கிறான். வடிச்சா, திரும்ப நிரப்பி மூணு நாள் வைக்கணும். கசியுதுன்னு எழுதிக் குடு, நடுச்சுவர்ல ஒரு உள்ளங்கை ஈரம் காட்டு, இப்பவே வடிக்கிறேன். ஆனா அப்ப பூசினது யாரு, அவளை வேலையில வெச்சுக்கணுமான்னு ஒரு கேள்வி வரும். ஏறுதுன்னு சொன்னா எனக்குக் கேள்வியே வராது. ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்."

சரிவுப் பாதையின் தலைப்பில், வெயில் முடிந்து நிழல் தொடங்கும் கோட்டில் நிற்கும்போது அம்மாவின் போன் வந்தது. அதற்குக் கீழே போனால் போன் செத்துவிடும்.

"பாப்பா, தாள் குடுத்தாங்களா?"

"இன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டா நாளைக்குத் தருவாங்கம்மா."

"போட்டுட்டு வாயேன்டி. நான்தான் பெருவிரலை உருட்டிக்கிட்டு இருக்கேன். கையெழுத்துப் போடத்தானே உன்னைப் படிக்க வெச்சேன்?" பின்னால் கலவை இயந்திரத்தின் சத்தம். "சும்மாட்டை அடுப்புல போட்டுரட்டுமா? பழசு, நல்லா எரியும்."

"நாளைக்குப் போடும்மா. நாளைக்கு."

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"தூசி."

கீழே இறங்கினாள். இறங்கும்போதே முடிவு செய்திருந்தாள். நடுச்சுவரில் ஈரம் இருந்தால் நல்லது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வேலை கெட்டுப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இல்லாவிட்டால், அவள் பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. அந்தச் சுவரின் இந்தப் பக்கம், கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே, இன்னும் பூசாத வெறும் கான்கிரீட். ஒரு பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் உள்ளங்கை என்ன, ஓர் ஆள் அளவுக்கு ஈரம் காட்டலாம். வேலை போகும். தொட்டி வடியும். உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். அம்மா இன்னும் கொஞ்ச நாள் சட்டி சுமப்பாள்; இருபத்திரண்டு வருஷம் சுமந்தவளுக்கு அது புரியும். இரண்டு பேரின் வீட்டிலும் யாரோ ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாளே, அதுவும் புரியும்.

"அண்ணே, நான் உள்ள போறேன். நீங்க இந்த மூடியை விட்டு நகரக் கூடாது. யார் கூப்பிட்டாலும்."

"நகர மாட்டேன் மேடம்."

"மூடக் கூடாது."

"என்ன மேடம், சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி?"

இரண்டு ஜோடிகளுக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றினாள். தன் சட்டம். ஏணியின் கம்பி உள்ளங்காலில் சில்லென்று அழுத்தியது.

உள்ளே காற்று கனமாக இருந்தது. காலியாகக் கிடந்த அறையின் காற்று அல்ல. நிறையப் பேர் தூங்கி எழுந்த அறையின் காற்று. பூச்சு நாற்றத்துக்கு அடியில் வியர்வை, பீடி, வெற்று வயிற்றின் வாடை. தலைக்கு மேல் வெளிச்சச் சதுரம், அதன் விளிம்பில் மேஸ்திரியின் முழங்கால். டார்ச்சை நடுச்சுவரில் அடித்தாள். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், பூசிய வரிசையிலேயே பார்த்தாள். காய்ந்த சாம்பல் நிறம். ஒரு புள்ளி ஈரம் இல்லை. அந்தப் பக்கம் ஒரு குளமே நின்று தள்ளிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் வெயிலில் காய்ந்த பாறை. எவ்வளவு நல்ல வேலை.

சுவரில் அவள் முதல் நாளே ஒட்டிய அலுமினியத் தாள்கள் பளபளத்தன. தரையிலிருந்து கூரைவரை, மூன்று நீளப் பட்டைகள். பழைய சோதனைதான்: தாளுக்கு அடியில் ஈரம் கட்டினால் அது சுவர் வழியே கசிந்தது, தாளுக்கு மேல் கட்டினால் அறையின் காற்றிலிருந்து, ஆட்களின் மூச்சிலிருந்து வந்தது. முதல் பட்டையைப் பார்த்தாள். மேல்பக்கம், அவள் நெற்றி உயரத்தில், ஒரு கையகல வட்டத்தில் பனி பூத்திருந்தது. கண்ணாடியோடு மூக்கை ஒட்டி நின்று ஊதினால் படியுமே, அந்த வட்டம். இரண்டாம் பட்டையில் இன்னும் உயரத்தில், இன்னும் பெரிய வட்டம்.

இரண்டு பேர். சுவரைப் பார்த்து. முகத்தை ஒட்டி வைத்து. நின்றிருக்கிறார்கள்.

டார்ச் தானாகக் கீழே இறங்கியது. தரையில் மெல்லிய தூசிப் படலம். அதில் வெறுங்கால் தடங்கள். ஏணியிலிருந்து சுவருக்கு ஒரு வரிசை. பக்கத்தில் அகலமான இன்னொரு வரிசை. கடைசித் தடங்களில் விரல்கள் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தன.

திரும்பி வரும் தடம் இல்லை.

"அண்ணே."

"சொல்லுங்க மேடம்."

"அங்கதானே இருக்கீங்க?"

"வேற எங்க இருப்பேன்?"

குரல் இருந்தது. முழங்கால் இருந்தது. அவசரமாகப் பாட்டிலைத் திறந்தாள். ஊற்று. ஈரம் காட்டு. ஏறிவிடு. மூன்று வேலை. சுவரின் மேல் வீசினாள்.

சத்தமே கேட்கவில்லை.

கான்கிரீட்டில் தண்ணீர் பட்டால் ஒரு சத்தம் உண்டு. கறுக்கும். வழியும். எதுவும் இல்லை. சுவர் காய்ந்தே இருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. மறுபடி வீசினாள். தண்ணீர் சுவர் வரை போனது. அப்புறம் போய்க்கொண்டே இருந்தது.

அவளுக்குப் புரிந்தது. ஒரு பக்கம்தான் பூசியிருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு வெளியே வராது. அதற்குத்தான் பூசினாள். இந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போவதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

பின்வாங்கினாள். ஒரு அடி. இரண்டு அடி. முதுகில் ஏணி இடித்தது.

மூன்றாம் தாளில், ஆறு அடி தள்ளி, பனி பூக்க ஆரம்பித்தது.

சிறிய வட்டம். அவள் வாய் இருக்கும் உயரம். அவள் மூச்சை இழுத்தாள், வட்டம் சுருங்கியது. விட்டாள், விரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வட்டம் காத்திருந்தது.

"மேஸ்திரி!" மேலே, தூரத்தில், பெரிய சாரின் குரல். "இங்க வாய்யா ஒரு நிமிஷம்!"

"அண்ணே, போகாதீங்க!"

"இந்தா வந்துர்றேன் மேடம், சாரு கூப்பிடுறாரு."

முழங்கால் போனது. ஏணியில் கால் வைத்தாள். கம்பியைப் பிடித்தாள். ஏறினாள். ஒரு கம்பி. இன்னொன்று. சில்லென்று. கம்பி தட்டையாக இருந்தது. அகலமாக. சொரசொரப்பாக.

கம்பி இல்லை.

அவள் சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையும் கான்கிரீட்டில். மூக்கு நுனி தாளில். எப்போது வந்தாள்? காலுக்குக் கீழே பார்த்தாள். ஏணியிலிருந்து சுவர் வரை, சின்னதாய், ஒரு புது வரிசை.

கையை எடுக்கப் பார்த்தாள்.

கை அங்கே இல்லை. மணிக்கட்டு வரை இல்லை.

குளிர்.

முழங்கை. தோள். வாயைத் திறந்தபோது வாய்க்குள் இரும்பு வாடை.

பிறகு காற்றாடியின் உறுமல் நின்றது. எல்லாச் சத்தமும் நின்றது.

இருட்டு. எல்லாப் பக்கமும் ஒரே குளிர். காலுக்குக் கீழே வழவழப்பு. அவள் பூசிய தரை. கையை நீட்டினாள்; வழவழப்பு. அவள் பூசிய சுவர். மூலையில் வலைத்துணியின் தடம். தள்ளினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். காலை உதைத்துத் தள்ளினாள். தள்ளத் தள்ளப் பூச்சு சுவரோடு இறுகியது. அதை அவளால் உணர முடிந்தது. ரப்பர் கல்லாகும் இறுக்கம். உயிரைக் கொடுத்துச் செய்த வேலை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூச்சு தேவைப்படவில்லை. அது எல்லாவற்றையும் விட மோசமாக இருந்தது.

தலைக்கு மேல் இரும்பு உரசியது.

வெளிச்சச் சதுரம். மேஸ்திரியின் முகம். பல்லில் டார்ச். அவள் மேலே பாய்ந்தாள். அவர் கண்ணுக்கு நேரே, ஒரு முழ தூரத்தில், இரண்டு கையையும் ஆட்டினாள். டார்ச் வெளிச்சம் அவள் வழியாகப் போய் அடித்தரையில் விழுந்தது. வாயைப் பிளந்து கத்தினாள். ஒரு குமிழி கூட வரவில்லை. ஸ்கேல் தண்ணீரைத் தொட்டது. அலை வட்டமாக வந்து, அவள் கழுத்தைச் சுற்றி வளைந்து போனது.

"சார், ஏறித்தான் இருக்கு." மேஸ்திரி டார்ச்சைக் கையில் எடுத்தார். குரல் மூன்று போர்வைக்கு வெளியே இருந்து வருவது போல் கேட்டது. "எட்டு மில்லி."

"குறையலையே?"

"குறையலை சார்."

"அந்தப் பொண்ணு எங்க?"

"அந்தப் பக்கம் தொட்டியில இல்ல சார். வீட்டுக்குப் போயிருக்கும். காலையிலேர்ந்தே முகம் சரியில்ல." கொஞ்சம் நின்று, "செருப்பை விட்டுட்டுப் போயிருக்கு" என்றார்.

"கோபக்காரப் பொண்ணுய்யா. நாளைக்கு வெளியாள் வர்றதுக்குள்ள ஓரமா எடுத்துப் போடு. படிவத்தைக் குடு. நேத்து என்ன எழுதியிருக்கு?"

"இல்லைன்னு எழுதியிருக்கு சார்."

"அதையே பார்த்து எழுது."

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. இவ்வளவு மெல்லிய சத்தம் இவ்வளவு தண்ணீரைத் தாண்டி வந்தது. மூடி சாய்ந்தது. சதுரம் கோடானது. கோடு போனது. பூட்டு.

இருட்டில் அவள் இடுப்புக்குப் பக்கத்தில் தண்ணீர் அசைந்தது. ஒல்லியான தோள் ஒன்று ஒதுங்கியது. அதற்கு அப்பால் பெரிய உடம்பு ஒன்று, பேருந்து இருக்கையில் நகர்ந்து உட்காருவது போல, மெதுவாக, அவளுக்கு இடம் விட்டது.